தலை சேய்ப் பிரிவு, தோள் தாய்ப் பிரிவு

"தாயும் சேயும் நலம்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை நான் பத்தாயிரம் தடவைக்கு மேல் அச்சடித்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அது என் பிழைப்பு. நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அந்தப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிதான் நிரந்தர வாடிக்கை. அவர்களுடைய சீட்டு, அட்டை, படிவம், பதிவேடு எல்லாம் எங்கள் மெஷினிலிருந்துதான் போகும். பிரசவமாகி வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் பெயர், தேதி, எடை எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு விட்டிருக்கும். கீழே அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் முன்னாடியே அச்சாகியிருக்கும்.

ஒரு தடவை அவர்களுடைய கொள்முதல் அதிகாரியிடம் கேட்டேன். "சார், இந்த இடத்துலயும் கோடு விட்டுட்டா டாக்டர் பார்த்துட்டு எழுதிக்கலாமே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு நாளைக்கு நாப்பது பிரசவம் ஆகுது. நாப்பது தடவை பார்த்து எழுத யாருக்குய்யா நேரம் இருக்கு? நலம்னு போட்டுடு. நலமில்லாதவங்க அவங்களா வந்து சொல்லட்டும்."

நானும் போட்டேன். அப்படி அடித்த அட்டைகளில் ஒன்று என் தங்கச்சி கைக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவள் மடியில் கிடந்த குழந்தையின் வலது கை தோளிலிருந்து துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, நாங்கள் கூப்பிடுவது சிட்டு. நல்ல எடை. ஆஸ்பத்திரியே அசந்துபோகும் எடை. மத்தியானம் பிறந்தாள். தங்கச்சி பிரசவ அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாளாம். ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு "தலை வந்துடுச்சு" என்று சொன்னார்கள். அதோடு எல்லாம் நின்றுவிட்டது. தோள் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். ரெண்டு பதினாலுக்குத்தான் குழந்தை வெளியே வந்தது. நடுவில் அந்த நாலு நிமிஷம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"'தள்ளு, தள்ளு, ஏன் தள்ள மாட்டேங்குற'ன்னு திட்டினாங்கண்ணா," என்றாள் என்னிடம். "நான் தள்ளினேன். உசிரே போற மாதிரி தள்ளினேன். ஒருவேளை சரியாத் தள்ளலியோ?"

அந்த ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. பால் கொடுக்கும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள். யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் குழந்தையிடமே கேட்பாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்காமல் இல்லை. "பாப்பா வலது கையைத் தூக்கவே மாட்டேங்குது" என்று தலைமை நர்ஸிடம் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கை தூங்குது" என்றார். குழந்தை முழித்துக்கொண்டு வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, கை மட்டும் தூங்கியது. அடுத்த நாள் பெரிய டாக்டர் ஏழெட்டுப் பேர் சூழ வந்தார். "இடது கைப் பழக்கமுள்ள குழந்தை. இவங்கல்லாம் ரொம்ப அறிவாளியா வருவாங்க, வாழ்த்துகள்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கூட வந்தவர்கள் எல்லோரும் குழந்தையின் அறிவைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

கிளம்புகிற நேரத்தில் கருத்துப் படிவம் ஒன்று நீட்டினார்கள். அதுவும் என் கைவேலைதான். மூன்று கட்டங்கள், மூன்று சிரித்த முகங்கள். மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, பேரானந்தம். நாலாவது கட்டம் கிடையாது. என் தங்கச்சி புருஷன் அதை வாங்கிக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை தையல்காரர். வாய் அதிகம் பேசாது, கை பேசும். யாராவது அவரிடம் அதட்டிப் பேசினால், கழுத்தில் தொங்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படிப் பிடித்துக்கொண்டே, இருப்பதிலேயே சின்னதாகச் சிரித்த முகத்தில் டிக் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு சொந்தபந்தம் எல்லாம் குழந்தையைப் பார்க்க வந்தது. வந்த வாய் சும்மா இருக்குமா? "தூக்கத்துல நீ மேல படுத்து அமுக்கியிருப்பே," என்றாள் ஒரு பெரியம்மா. "தள்ளுற நேரத்துல பயந்து இறுக்கிட்டிருப்பா," என்றாள் ஒரு சித்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை வாரா வாரம் குழந்தையின் ரெண்டு கையையும் டேப்பால் அளந்து, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டில் குறித்து வைத்தார். மூணு மாசத்தில் வலது கை இடது கையைவிட கால் அங்குலம் மெலிந்திருந்தது. மனுஷன் அதற்காக அழவில்லை, சட்டை தைத்தார். கை தொங்குவதைப் பார்த்தால் பொண்டாட்டி உடைந்துபோகிறாள் என்று, வலது ஸ்லீவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு வைத்து, உள்பக்கமாக மெல்லிய நாடா கோத்து, கை நெஞ்சில் மடங்கி இருப்பதுபோலத் தைத்தார். அந்தச் சட்டை போட்டால் சிட்டுவுக்கு ஒரு குறையும் தெரியாது. ஊரில் எவனுக்கும் வராத வேலைப்பாடு. நான்கூட, "மாப்பிள்ளை, கில்லாடிய்யா நீங்க," என்று பாராட்டினேன்.

நாலாவது மாசம் தடுப்பூசி போடப் போனார்கள். "அடடா, என்ன அழகா கை வெச்சிருக்கு!" என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தச் சட்டையோடு குழந்தையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

மூணு மாசத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். மூணு முடிந்து நாலும் முடிந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதி வைத்திருப்பார்கள், அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கலாம் என்று நானும் மாப்பிள்ளையும் கிளம்பினோம். தங்கச்சிக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் புகார் வாங்கும் இடம் எது என்று கேட்டதற்கு, "நன்றி நவிலல் பிரிவு" என்று கைகாட்டினார்கள். புகார் வராத ஆஸ்பத்திரி என்பதால் புகார்ப் பிரிவு கிடையாதாம். அங்கே முகமலர்ச்சி அதிகாரி என்று பலகை வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல நன்றிப் படிவம் நிரப்புங்க," என்றார். "அதுல பின்பக்கம் 'இதர விவரம்'னு ஒரு இடம் இருக்கும். உங்க மனக்குறையை அங்க எழுதலாம். ஆனா முன்பக்கத்தை நிரப்பாம பின்பக்கம் எழுதினா செல்லாது."

மாப்பிள்ளை தன் மகளின் கை செயலிழந்து போனதற்கு ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் நன்றி எழுதினார். பின்பக்கம், 'அன்று ரெண்டு பத்திலிருந்து ரெண்டு பதினாலு வரைக்கும் நடந்த குறிப்பு வேண்டும்' என்று எழுதினார். அந்த அம்மா படித்துவிட்டு மலர்ந்த முகம் மாறாமலே, "தாய்ப் பிரிவு, ரெண்டாவது மாடி" என்றார்.

ரெண்டாவது மாடியில் தாய்ப் பிரிவுக் கிளார்க் பேரேட்டைப் புரட்டினார். "ரெண்டு பத்துக்குத் தலை வெளிய வந்துடுச்சுன்னு போட்டிருக்கே. தலை வந்துட்டா அது சேய்ப் பிரிவு. மேல போங்க."

மூணாவது மாடிக்கு ஏறினோம். சேய்ப் பிரிவுக் கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "முழுசா வெளிய வந்தாத்தாங்க சேய். தோள் எங்க இருந்துச்சு?"

"உள்ள."

"அப்ப அது தாய்ப் பிரிவு. எங்க கோப்பு ரெண்டு பதினாலுக்குத்தான் தொறக்குது. ஒரு நிமிஷம் முன்னால கூட நாங்க தொட மாட்டோம். ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

கீழே போனோம். "எங்க கோப்பு ரெண்டு பத்தோட மூடியாச்சு" என்றார்கள். மறுபடியும் மேலே. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை ஏறி இறங்கினோம். ஏழாவது தடவை மாப்பிள்ளை டேப்பை இறுக்கப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்த நாலு நிமிஷமும் என் பொண்ணு எங்கதான் சார் இருந்தா?"

"நல்ல கேள்வி," என்றார் கிளார்க், உண்மையாகவே சந்தோஷப்பட்டு. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இதுக்குத் தனியா ஒரு மனு குடுங்க. நன்றிப் படிவத்தோட."

ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தப் பிரிவுக்கும் சேராத இடம் அது. வெகுநேரம் எங்களை யாரும் எழுப்பவில்லை.

வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்று ஆனது. எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல், எங்கள் முதலாளிக்கு நிலப் பத்திரம் பார்த்துக் கொடுப்பவர். நல்ல மனுஷன்தான், முப்பது வருஷமாக வேலித் தகராறு தவிர வேறெதையும் தொடாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடுங்க, ஒரு நோட்டீஸ்ல ஆடிப்போயிடுவாங்க" என்றார். நோட்டீஸ் இப்படி இருந்தது: 'மேற்கே தோளும் கிழக்கே விரல் நுனிகளும் எல்லையாக உள்ள மேற்படி வலது கையானது, பிறந்த தேதி முதல் எனது கட்சிக்காரரின் அனுபோகத்தில் இல்லாதபடி எதிராளிகள் இடையூறு செய்துள்ளபடியால்...'

எதிராளிகள் ஆடிப்போகவில்லை. பதினைந்து நாளில் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் கை எங்கள் வளாக எல்லைக்குள் தற்போது இல்லை. மேலும் பிரசவத்தின்போது தாய் சரிவர ஒத்துழைக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். நன்றி.'

கடிதத்தைத் தங்கச்சிக்குக் காட்டக்கூடாது என்று நாங்கள் மறைத்து வைத்தோம். அவள் தேடி எடுத்துப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் 'சரியாத் தள்ளலியோ' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை என்று எங்களுக்குத் தோன்றியது. சிட்டுவைத் தூக்கும்போது, குற்றவாளி மாதிரி, முகத்தைப் பார்க்காமல் தூக்கினாள்.

எங்களுக்கு வழிகாட்டியது ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்கா. அந்தப் பதில் கடிதத்தோடு நாங்கள் மறுபடி அந்தப் படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தபோது, துடைப்பதுபோல் பக்கத்தில் வந்து குனிந்தார். "சாதாரண வக்கீலெல்லாம் இதுக்கு ஆகாதுங்க. பிரசவத்துல அடிபட்ட குழந்தைங்க கேஸ் மட்டுமே பார்க்குற வக்கீலம்மா ஒருத்தங்க இருக்காங்க. இந்தப் படியில உட்கார்ந்து அழுத ரெண்டு மூணு பேரை அங்கதான் அனுப்பினேன்," என்று இடத்தைச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியிலேயே எங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வக்கீலம்மாவின் அறை சின்னது. மேஜை மேல் சட்டப் புத்தகத்தோடு இடுப்பெலும்பு பொம்மை ஒன்றும், துணிப் பாப்பா ஒன்றும் இருந்தன. அவர் எங்கள் காகிதங்களைத் தொடவில்லை. "முதல்ல குழந்தையைக் குடுங்க" என்று வாங்கி, சட்டையைக் கழற்றி, உள்ளங்கையைச் சுரண்டிப் பார்த்தார்.

"முழங்கையை மடக்குறாளா?"

"இல்லைங்க."

"என்ன வயசு?"

"அஞ்சு மாசம்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "கேஸ் அப்புறம். நாளைக்குக் காலையில நரம்பு டாக்டர் முன்னாடி நிக்கணும். பேரு எழுதித் தரேன். இந்த மாதிரி நிறைய கை தானாவே சரியாயிடும், அது உண்மை. ஆனா மூணு மாசத்துல மடக்கலேன்னா உடனே காட்டணும். நரம்பை ஒட்டவைக்க ஒரு காலம் இருக்கு, அது யாருக்காகவும் நிக்காது. இதை உங்களுக்கு யாருமே சொல்லலியா?"

"இடது கைப் பழக்கம்னாங்க," என்றார் மாப்பிள்ளை.

வக்கீலம்மா இடுப்பெலும்பு பொம்மையையும் துணிப் பாப்பாவையும் எடுத்துக் காட்டினார். தலை வந்த பிறகு தோள் இங்கே மாட்டிக்கொள்ளும், அப்போது அம்மாவின் காலை மடக்கி நிலையை மாற்றி, வயிற்றுக்குக் கீழே அமுக்கி, தோளை விடுவிக்க வேண்டும், தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்து நரம்பு இழுபட்டு அறுந்துபோகலாம். இவ்வளவுதான். எங்களுக்கு ஐந்து மாசமாக யாரும் சொல்லாததைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஜெயிச்சுத் தரேன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாம் சரியா செஞ்சும் சில சமயம் இது நடக்கும். தப்பு நடந்துச்சா இல்லையான்னு குறிப்பைப் பார்த்து இன்னொரு பிரசவ டாக்டர்தான் சொல்லணும். குறிப்பு வேணும்."

அதுவரைக்கும் தலை நிமிராமல் இருந்த தங்கச்சி கேட்டாள். "மேடம், நான் சரியாத் தள்ளியிருந்தா வந்திருக்குமா?"

"தோள் எலும்புல மாட்டினப்புறம் தள்ளுறதால ஆகாதும்மா. தள்ளத் தள்ள இன்னும் மாட்டும்."

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க," என்றாள் தங்கச்சி. "அங்க இருந்தவங்கதானே ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்காங்க."

நரம்பு டாக்டர் பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம், செய்துதான் ஆகவேண்டும், ஆனால் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுசாகக் கிடைக்காது என்றார். மாப்பிள்ளை வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

அதற்கு நாலு நாள் முன்னால் பிரசவ ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. 'ஆஸ்பத்திரி ஒரு குடும்பம், குடும்ப விஷயத்தில் வக்கீலுக்கு இடமில்லை' என்று அடிக்குறிப்பு வேறு. வக்கீலம்மா சிரித்தார். "போயிட்டு வாங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, எதிர்த்துப் பேசாதீங்க. அவங்க சொல்றதை எல்லாம் அப்படியே எழுதிட்டு வாங்க."

எழுதுகிற வேலை எனக்கு. பெரிய ஹால், நீள மேஜை, ஒன்பது நாற்காலி. ஒன்பதிலும் டாக்டர்கள். எங்களுக்கு நாற்காலி இல்லை, குடும்பம் அல்லவா. நடுவில் இருந்த தலைவர் எழுந்து பேசினார். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தருகிறேன்.

"இந்த ஆஸ்பத்திரி வரலாற்றுல இன்னிக்கு வரைக்கும் ஒரு பிறப்புக் காயம்கூடப் பதிவானதில்லை. எப்படின்னு மத்த ஆஸ்பத்திரிக்காரங்க வந்து கேக்குறாங்க. ரகசியமே இல்லை. பதிவு பண்ண எங்ககிட்ட படிவம் கிடையாது. படிவம் இருந்தா காயம் வரும்னு எனக்கு முன்னால இருந்த தலைவர் சொல்வார். அவர் தொலைநோக்கு உள்ளவர். ஏதோ நாலு நிமிஷம்னு கேட்டிருக்கீங்க. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுற தாள்னு எதுவும் எங்க பிரசவ அறையில கிடையாது. இருந்ததும் கிடையாது. எங்க டாக்டருங்க கை வேலை செய்யவா, கதை எழுதவா?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். என் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

படிவம் ஒன்பது. 'பிரசவ அறை நிமிடக் குறிப்பு.' நான் அடித்தது. மேலே வெள்ளைத் தாள், அடியில் ரோஸ் தாள், மேலே எழுதினால் கீழே தானாக நகல் விழும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, என் கையாலேயே பசை தடவியிருக்கிறேன். மாசக்கணக்காக இந்தக் குறிப்புக்கு நாய்போல அலைந்தவன் நான், அது இருக்கும் படிவத்தை அடித்தவனும் நான்! அச்சுக்காரனுடைய கேடு இது. எழுத்து உடைந்திருக்கிறதா, மை பரவியிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்போம், என்ன அடிக்கிறோம் என்று படிக்க மாட்டோம். எழுந்து கத்தவேண்டும் போல் இருந்தது. எதிர்த்துப் பேசாதே என்ற வார்த்தைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

தலைவர் தொடர்ந்தார். "அதோட நீங்களே 'மகிழ்ச்சி'ன்னு டிக் போட்டிருக்கீங்க. மிக்க மகிழ்ச்சி போடலியேன்னு நாங்கதான் வருத்தப்படணும். சரி, கைக்கு வருவோம்." சுவரைக் காட்டினார். ஆளுயரப் படம். 'எங்கள் ஆனந்தச் செல்வங்கள்' என்ற தலைப்பின் கீழே சிட்டு. அந்தச் சட்டை. வலது கையை நெஞ்சில் மடக்கி, பெரிய மனுஷி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு மாசத்துல எடுத்த படம். செயலிழந்த கையை ஒரு குழந்தை இப்படி மடக்கி வைக்குமா? யாராவது விளக்குங்க."

மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. தங்கச்சியின் கையிலிருந்த சிட்டு அன்றைக்கும் அதே மாதிரி சட்டைதான் போட்டிருந்தாள். அவர் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் நூல் வெட்டும் கத்திரியை எடுத்தார். "சார், அது கை இல்லை. என் தையல்," என்றார். "அவ அம்மா பார்த்து அழக்கூடாதுன்னு தைச்சேன் சார்."

எல்லோரும் பார்க்கப் பார்க்க ஸ்லீவின் உள்நாடாவை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். கடைசித் தையல் அறுந்ததும் கை நெஞ்சிலிருந்து நழுவி விழுந்து, இப்படியும் அப்படியுமாக ஆடி நின்றது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கணம், அந்த ஒன்பது பேருக்கும் மனசாட்சி வந்துவிட்டது என்றே நான் நினைத்துவிட்டேன்.

தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்தார். "எழுதிக்குங்க. விசாரணையின்போது குழந்தையின் வலது கை அசைந்தது."

எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கே அச்சகத்துக்குப் போனேன். எந்த வேலை செய்தாலும் ஒரு பிரதியை மாதிரிக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். படிவம் ஒன்பதும் எண் போட்ட விவரச் சீட்டும் கிடைத்தன. முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். "ஆஸ்பத்திரி வேலை போயிடும்டா," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு, "எடுத்துட்டுப் போய்த் தொலை. என் பேத்தியும் அங்கதான் பொறந்தா," என்றார். வேலை போகத்தான் போனது. எனக்கும் பாதி நாள் வேலைதான் என்றானது.

வக்கீலம்மா தாயின் கோப்பையும் கேட்கவில்லை, சேயின் கோப்பையும் கேட்கவில்லை. படிவம் ஒன்பது, இன்ன கட்டு, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை என்று வழக்குப் போட்டுக் கோர்ட்டில் கேட்டார். ஆஸ்பத்திரி அப்படி ஒன்று இல்லை என்றது. பிறகு இருந்தது, தொலைந்துவிட்டது என்றது. பிறகு கரையான் என்றது. சிட்டுவுக்கு ஆபரேஷன் முடிந்து, ஒரு வயசும் தாண்டிய பிறகுதான் கட்டு கோர்ட்டுக்கு வந்தது. அன்றைய வெள்ளைத் தாளை யாரோ சுத்தமாகக் கிழித்திருந்தார்கள். கிழித்தவருக்கு அவசரம் போலிருக்கிறது, அடியிலிருந்த ரோஸ் தாளைக் கவனிக்கவில்லை. பசை நான் தடவியது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதன் நகலைப் படித்தார். அன்றைக்குப் பணியிலிருந்த ஒரு நர்ஸின் கையெழுத்து. அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை.

'2.10. தலை வந்தது. தோள் மாட்டிக்கொண்டது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். மகிழ்ச்சி வார விழாக் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

2.11. மறுபடியும் கூப்பிட்டேன். தாயின் கால்களை மடக்க ஆள் கேட்டேன். ஆள் இல்லை.

2.12. தலையை இழுக்க வேண்டாம் என்று பயிற்சி டாக்டரிடம் சொன்னேன்.

2.13. இழுத்தார்.

2.14. குழந்தை பிறந்தது. வலது கை அசையவில்லை. தெரிவித்தேன்.

தாய் சொன்னதையெல்லாம் செய்தார். நன்றாகத் தள்ளினார்.'

"வேற ஒரு பிரசவ டாக்டர் இதைப் பார்த்துட்டார். சாட்சி சொல்ல வரேன்னுட்டார்," என்றார் வக்கீலம்மா. "இன்னும் காலம் ஆகும். ஆனா இப்ப நமக்கு நிக்க ஒரு இடம் இருக்கு."

தங்கச்சி அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. "கடைசி வரி மட்டும் இன்னொரு தடவை படிங்க மேடம்," என்றாள்.

படித்தார்.

"இன்னொரு தடவை."

வக்கீலம்மா படிக்காமல் காகிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டார். தங்கச்சி அதைச் சிட்டுவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நான் பார்த்தேன்.

"கேட்டியாடி?" என்றாள். "அம்மா நல்லாத்தான் தள்ளினேனாம்."

சிட்டு சிரித்துக்கொண்டே இடது கையால் காகிதத்தை எட்டிப் பிடித்தாள். வலது கையும் வருவதற்குப் பார்த்தது. முழங்கை வரைக்கும் மடங்கி, அதற்கு மேல் முடியாமல் மடியிலேயே இருந்துவிட்டது.